லூர்து கழுவிய பெயர்கள்

செய்தி வந்தபோது நான் கொட்டகலையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். காலை ஏழரை மணி இருக்கும். எங்கள் பழைய அலுவலகத்தில் சாரதியாக இருந்த நவாஸ் அழைத்தார். எப்போதும் நலம் விசாரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று அது இல்லை.

"புஷ்பா மிஸ், லூர்து மிஸ் மவுத்தாயிட்டாங்க. விடியக்காலையில நெஞ்சு வலின்னு சொன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே முடிஞ்சிருச்சி."

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இனி இவளிடம் கேட்க முடியாது என்ற நினைப்புதான் வந்தது. ஹட்டன் பஸ் இரண்டு வந்து போயின. இரண்டிலும் நான் ஏறவில்லை.

லூர்து மேரியைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படி எழுதும்போது 'அவர்' என்று குறிப்பிடுவதுதான் முறை. பதினொரு வருடம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தவளை என்னால் அப்படி எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகம் ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தோட்டத்து மக்களின் பெயர்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துப் பதிவில் வேறொன்று என்று வாழ்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவர் பெயரையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கணினியில் ஏற்றி ஒப்பிட்டு, வீட்டுத் திட்டம் முதலான காரியங்களுக்குப் பட்டியல் எடுத்து அனுப்புவோம். தமிழ் என் பொறுப்பு. சிங்களமும் ஆங்கிலமும் லூர்துவின் பொறுப்பு.

பெயர்கள் பல வழிகளில் வந்து சேரும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை, கைபேசியிலிருந்து எடுத்து ஒட்டியவை, எங்கேயோ யாரோ மாற்றியவை. கேள்விக்குறிகளும் சின்னச் சின்னப் பெட்டிகளும் கோடுகளும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை நீக்குவதை நாங்கள் 'கழுவுவது' என்போம். "இன்னைக்கு அஞ்சு லயம் கழுவியாச்சி" என்று, ஐந்து வரிசை வீடுகளின் பெயர்கள் முடிந்ததைச் சொல்லி, லூர்து கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பாள்.

அவள் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். உயர்தரம் முடித்ததும் ஒரு தொலைத்தொடர்புக் கடையில் விண்ணப்பங்கள் தட்டச்சு செய்து கொடுத்தாள். கணினியை அவளுக்கு யாரும் உட்கார வைத்துக் கற்றுத்தரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், 'ஜோசப்' என்ற ஒருவரைக் கணினி கண்டுபிடிக்க மறுத்தது. பட்டியலில் பெயர் கண் முன்னால் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. மூன்று முறை தட்டச்சு செய்து பார்த்துவிட்டு நான் கைவிட்டேன். லூர்து வந்து, பெயரின் முதல் எழுத்தில் திரைச்சுட்டியை வைத்து, அம்புக்குறி விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டி எண்ணினாள். பெயர் முடிந்த பிறகும் சுட்டி ஒரு தடவை நகராமல் நின்றது. அந்த இடத்தில் ஏதோ இருந்தது. நீக்கும் விசையை ஒரு தடவை தட்டினாள். ஜோசப் கிடைத்துவிட்டார்.

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா புள்ள?" என்றாள்.

அதே லூர்துதான் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக ஒரு பொறியியலாளரோடு மல்லுக்கு நின்றாள். கொழும்பிலிருந்து வந்திருந்த அவர், கண்ணுக்குத் தெரியாத குறிகள் அத்தனையையும் ஒரே கட்டளையில் அகற்றிவிடலாம் என்றார். எங்கள் பணிப்பாளருக்கும் அது பிடித்திருந்தது. லூர்து எழுந்து, கொஞ்சம் பொறுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, 'சந்திரா' என்ற பெயரைச் சிங்களத்தில் திரைக்குக் கொண்டுவந்தாள். தகரத்தையும் ரகரத்தையும் சேர்த்து ஒரே வடிவமாக்குவதற்கு அந்தப் பெயருக்குள் ஒரு மறைவான குறி இருக்கிறது. அவள் அதை மட்டும் நீக்கிக் காட்டினாள். சேர்ந்திருந்த எழுத்து திரையில் இரண்டாகப் பிளந்தது.

"இது அழுக்கில்ல சேர்," என்றாள். "பசை."

பொறியியலாளர் சிரித்துவிட்டுத் தன் கட்டளையை மாற்றி எழுதினார். அன்று எங்கள் பட்டியலில் இருந்த சந்திராக்களும் சந்திரகாந்திகளும் தப்பினார்கள். பின்னால் நடந்ததை வாசிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். அவளுக்குத் தெரியும். தெரியாமல் செய்தாள் என்று நாளை யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாதது அதனால்தான்.

எங்கள் வீடு வட்டகொடையில். பொங்கலுக்கு லூர்து வருவாள், நத்தார் பண்டிகைக்கு நாங்கள் போவோம். என் அம்மாவுக்கு அவள் மேல் தனிப் பிரியம். எனக்குக் கூட அப்படிப் பார்த்துப் பார்த்துப் பரிமாறியதில்லை. "ஒனக்கு வாயிருக்கு, கேட்டு வாங்கிச் சாப்புடுவ. லூர்து கூச்சப்படும்" என்பார். லூர்துவுக்குக் கூச்சமா என்று நான் சிரிப்பேன்.

அந்த அம்மாவுக்கு நுவரெலியாவில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்த நாளில்தான் எல்லாம் நடந்தது. நான் ஒரு வாரம் விடுமுறையில் இருந்தேன். வீட்டுத் திட்டப் பட்டியல் மறுநாள் காலையில் கொழும்புக்குப் போக வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள லயங்களில் இருப்பவர்களுக்கான பட்டியல். அது எவ்வளவு முக்கியமானது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பகல் பதினொரு மணிக்கு லூர்துவிடமிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"உள்ள கொண்டு போயிட்டாங்க. இன்னும் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் ஆகாது புள்ள, நான் செபம் பண்ணிக்கிட்டு இருக்கேன்." பின்னால் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "ஒன் பாஸ்வர்ட் ஒருக்கா சொல்லு. தமிழ்ப் பக்கத்துல குப்பையா கெடக்கு, பட்டியல் ஏறமாட்டேங்குது. சின்ன வேலைதான்."

தமிழ்ப் பெயர்களை மாற்றும் அனுமதி என் கணக்குக்கு மட்டும்தான் இருந்தது. மற்ற இரண்டு மொழிகளையும் எங்கள் இருவர் கணக்கிலிருந்தும் மாற்றலாம். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் இருவரும்தான் கையெழுத்துப் போட்டிருந்தோம். நடைபாதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் அல்லாமல் வேறு யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று அவள் என்ன செய்தாள் என்பதைப் பிறகு கணினியின் பதிவுகளை வைத்துத் தெரிந்துகொண்டேன். எழுத்தும் இடைவெளியும் தவிர மற்ற எல்லாவற்றையும் அகற்று என்று என் கணக்கிலிருந்து ஒரே கட்டளையை மூன்று மொழிகளுக்கும் கொடுத்திருந்தாள். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழுக்கு அது கத்தி. கணினிக்குள் 'மு' என்பது ஒரே எழுத்து அல்ல. மகரம் ஒன்று, அதன் உகரக் குறி ஒன்று. அந்தக் கட்டளைக்கு மகரம் மட்டுமே எழுத்து. குறி குப்பை. அரவு, விசிறி, கொம்பு, குற்று என்று நாம் சொல்லும் குறிகள் அத்தனையும் உதிர்ந்து போயின. முனியம்மா 'மனயமம' ஆனாள். கிருஷ்ணசாமி 'கரஷணசம' ஆனார். சிங்களப் பெயர்களுக்கும் இதே கதிதான்.

அதற்கு அடுத்த வேலை இதைவிட மோசமாக முடிந்தது. பட்டியலை மூடுவதற்கு முன், ஒரே பெயர் இரண்டு முறை ஏறியிருந்தால் ஒன்றை நீக்குவோம். அடையாள அட்டை இலக்கங்கள் பாதிப் பேருக்கு இல்லாததால், தமிழ்ப் பெயர், தோட்டத்து டிவிசன், லய இலக்கம் மூன்றையும் வைத்தே ஒப்பிடுவோம். குறிகள் உதிர்ந்த பிறகு செல்வியும் சிலுவையும் 'சலவ' என்று ஒன்றாகிவிட்டார்கள். ராமாயியும் ராமையாவும் 'ரமய' என்று ஒன்றாகிவிட்டார்கள். கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இரண்டில் ஒருவரை நீக்கியது.

கட்டளை ஓடிய பிறகு தமிழ்ப் பக்கத்தை யாரோ நாற்பது நிமிடம் திறந்து வைத்திருந்ததாகப் பதிவு சொல்கிறது. என்ன நடந்தது என்று அவள் அப்போதே பார்த்திருக்கிறாள். பழைய நகல் ஒரு மாதத்துக்கு முந்தியது, அதற்குப் பிறகு ஏறிய பெயர்கள் அதில் இல்லை. ஒரு நாள் தவணை கேட்டிருக்கலாம். எனக்கு இன்னொரு அழைப்பு எடுத்திருக்கலாம். பக்கத்தை மூடிவிட்டுப் பட்டியலை அனுப்பியிருக்கிறாள்.

ஒரு மாதம் கழித்து அச்சிட்ட பட்டியல் தோட்டங்களுக்கு வந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒட்டினார்கள். அன்று மாலையே ராமாயி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கொழுந்து பறித்த ஈரம் இன்னும் சேலையில் இருந்தது.

"அம்மா, எல்லார் பேரும் என்னமோ மாதிரி இருக்கு, வாசிக்கவே முடியல. ஆனா வீட்டுக் காம்பரா நம்பர் இருக்கு. பக்கத்து வீட்டு ராமையா காம்பரா இருக்கு. எங்க காம்பராவ மட்டும் காணோம். நான்தானே ஒங்ககிட்ட வந்து எழுதிக் குடுத்தேன்?"

"எழுதிக் குடுத்தீங்க ராமாயிக்கா."

"அப்புறம் எங்கம்மா போச்சி?"

மேசையின் எதிர்ப்பக்கத்தில் லூர்து தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

விசாரணை இரண்டு நாளில் நடந்தது. பணிப்பாளரின் அறை, மூன்று நாற்காலிகள். திருத்தம் செய்த கணக்கு என்னுடையது என்று பதிவைக் காட்டினார். கைபேசியிலிருந்தும் திறக்கக்கூடிய கணக்கு அது, எங்கிருந்து திறந்தது என்று பதிவு சொல்லாது.

"நான் அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்தேன் சேர். லூர்து கோல் எடுத்துக் கேட்டாங்க. பாஸ்வர்ட் சொன்னேன். சொன்னது என் பிழைதான்."

பணிப்பாளர் லூர்து பக்கம் திரும்பினார். "கோல் எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சேர்."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

"எதுக்கு?"

"அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்க."

அவ்வளவுதான் சொன்னாள். பொய் என்று நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். ஆனால் அது பொய்யும் அல்ல. அவள் முதலில் கேட்டது அதைத்தான். என் அம்மாவைப் பற்றிய அந்தக் கேள்வியை எடுத்து, அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பணிப்பாளரின் மேசையிலிருந்த பேனாக் கூட்டைப் பார்த்தாள்.

அவளுக்கு அப்போது என்ன நெருக்கடி என்பது எனக்குத் தெரியாததல்ல. கணவர் செபமாலை முதுகில் அடிபட்டு வீட்டில் இருந்தார். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்கப்பட இருந்தது. இதையெல்லாம் நான் அவளுக்காக ஆயிரம் தடவை எனக்குள் வாதாடியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.

என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. முன்மேசைக்கு மாற்றினார்கள். அதற்கு முன் பெயர்களைக் காகிதப் படிவங்களைப் பார்த்து மறுபடி ஏற்றும் வேலையை எங்கள் இருவரிடமும் கொடுத்தார்கள். மூன்று வாரம் அவள் படிவத்தை வாசித்தாள், நான் தட்டச்சு செய்தேன். முனியம்மா. கிருஷ்ணசாமி. செல்வி. சிலுவை. நல்ல உச்சரிப்பு அவளுக்கு, ஒவ்வொரு பெயரையும் அரவு தவறாமல் வாசிப்பாள். ராமாயியின் படிவம் வந்த அன்று நான் விரல்களை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். இப்போதாவது நிறுத்துவாள், ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"ராமாயி," என்று வாசித்தாள். பிறகு, "அடுத்தது," என்றாள்.

எழுத்துப் பிழைகளைத் திருத்தலாம், விடுபட்ட பெயர்களை இந்தக் கட்டத்தில் சேர்க்க முடியாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. ராமையா புது வீட்டுக்குப் போனார். ராமாயி குடும்பம் இன்னும் மூன்று மழைக்காலம் வெடித்த சுவருக்குள் இருந்தது. மழை வலுத்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக் கட்டிடத்துக்குப் போவார்கள். மூன்றாம் வருடம் அடுத்த பட்டியலில் அவர் பெயர் வந்தது. நல்லவேளையாக அதுவரை மலை பொறுத்துக்கொண்டது. அந்தப் பட்டியல் வந்தபோது நான் அங்கே இல்லை. முன்மேசையில் மூன்று மாதம் இருந்துவிட்டு விலகிவிட்டேன். தோட்டத்துக்குப் போனால் "நம்ம பேர அழிச்சுப்புட்ட மிஸ்" என்று என்னைக் காட்டிப் பேசினார்கள். இப்போது கொட்டகலையில் ஒரு பாடசாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். "லூர்து ஏன் வர்றதே இல்ல? ஏதும் சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மா இறந்த அன்று லூர்து வந்தாள். யாரும் கேட்காமலே அடுப்படிக்குப் போனாள். நாள் முழுக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். என் அம்மாவுக்காக அவள் அழுதது உண்மை. நான் ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்க புள்ள," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அடக்கத்துக்கு நான் போனேன். கோயிலில் நிறையப் பேர். அவளால் பெயர் திருத்தி வாங்கியவர்கள், அவளிடம் கணினி வகுப்புக்குப் போன பெண்கள். அத்தனை பேரின் அழுகையும் நியாயமானது. கல்லறைத் தோட்டத்து வாசலில் செபமாலை என்னைக் கண்டு ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார்.

"மிஸ், ஒங்க மேல அவளுக்குக் கோவமே இல்ல. அந்த லிஸ்ட் பிரச்சின நேரம் ஒங்களுக்காக எவ்வளவு பேசுனான்னு எனக்குத் தெரியும். 'புஷ்பா தெரியாம செஞ்சுட்டா, அம்மா சுகமில்லாத நேரம், பாவம்'னு சொல்லிக்கிட்டே இருப்பா. கடைசி வரைக்கும் ஒங்கள விட்டுக்குடுக்கல."

நான் அந்த ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு வருடமாக அவள் பேசாமல் இருந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பேசியிருக்கிறாள். தன் வீட்டில், தன் கணவரிடம், நான் செய்ததாகவே சொல்லி, என்னை மன்னித்தும் இருக்கிறாள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுவதாகவும், அதில் நான் எழுத வேண்டும் என்றும் செபமாலை கேட்டார். சரி என்றேன். எழுதியதை எடுத்துக்கொண்டு லிந்துலைக்குப் போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் இதுவரை வாசித்ததில் பெரும்பகுதி அதுதான். 'அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்க' என்ற இடம் வந்தபோது அவர் கையை உயர்த்தினார். நான் நிறுத்தினேன். பிறகு கையை இறக்கி, "வாசிங்க," என்றார். முடிக்கும்வரை வாசித்தேன்.

"இத மலர்ல போட ஏலாது மிஸ்," என்றார் கடைசியில். "புள்ளைங்க வாசிக்கும்."

"தெரியும்."

"நீங்க சொல்றதெல்லாம்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அவர் கேட்க நினைத்தது எனக்குப் புரிந்தது. எழுந்து போய்க் கதவோரம் நின்று வெளியே பார்த்தார். பிறகு திரும்பாமலே, "அந்த ராமாயி இப்ப எங்க இருக்காங்க?" என்றார்.

தோட்டத்தின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னேன். ஒரு தடவை மெதுவாகத் திருப்பிச் சொல்லி மனதில் வைத்துக்கொண்டார். போனாரா என்று எனக்குத் தெரியாது.

மலரில் என் பெயரில் நான்கு வரிகள் வந்திருக்கின்றன. அவள் திறமைசாலி, உழைப்பாளி, பலருக்கு உதவியவள் என்று எழுதியிருக்கிறேன். நான்கு வரியும் உண்மை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். ராமாயியும் செல்வியும் தங்கள் பெயரை யார் அழித்தது என்று இன்னமும் பிழையாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். செத்துப்போனவளின் மானத்துக்காக அதை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

லூர்துவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது எது என்று யோசித்துப் பார்த்தேன். வேலை செய்யும் விதம் முழுவதும் அவளுடையதுதான். பாடசாலையில் ஒரு பிள்ளையின் பெயரை ஏற்றும்போது இன்றும் அவளைப் போலவே வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். அது என்னை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம். அதோடு கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன். இறந்தவர்கள் மேல் கோபம் வைக்கக் கூடாது என்று அடக்கத்தன்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்த நடைபாதையில் நின்று எழுத்து எழுத்தாகச் சொல்லும் அளவுக்கு நான் ஒருத்தியை நம்பியிருந்தேன். அப்படி நம்பினேன் என்பதற்கு என்னிடம் மீதி இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான்.